பித்தளை டோக்கனும் குக்கியும்

எங்கள் வீட்டில் ஒரே ஒரு லேப்டாப். நான் வருமான வரி ரிட்டர்ன் போடுவது, மனைவி ஊருக்கு ரயில் டிக்கெட் எடுப்பது, ஒன்பதாவது படிக்கும் மகள் பள்ளிக்கூட புராஜக்ட் செய்வது எல்லாம் அதில்தான்.

போன ஜூலையில் மனைவிக்கு மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பரிசோதனை முடிவு வரும்வரை மகளிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். தஞ்சாவூரில் மாமியாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த ரயிலில் ஏறி நாக்பூர் வந்து நிற்பார். இரவு மகள் தூங்கிய பிறகு நானும் மனைவியும் உட்கார்ந்து எந்த ஆஸ்பத்திரி, என்ன டெஸ்ட், எவ்வளவு செலவு என்று தேடிக்கொண்டிருப்போம். முடித்ததும் நான் மறக்காமல் ஹிஸ்டரி பக்கத்துக்குப் போய் அந்த வரிகளை மட்டும் பார்த்துப் பார்த்து அழித்துவிடுவேன். பேங்க் ஆபீசர் இல்லையா, ஜாக்கிரதை ஜாஸ்தி.

பன்னிரண்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. சாதாரணக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது மகளிடம் மெதுவாக விஷயத்தை ஆரம்பித்தேன்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள்.

"எப்படிம்மா?"

"எந்த சைட்டுக்குப் போனாலும் ஓரத்துல அந்த ஆஸ்பத்திரி விளம்பரம்தான் வந்துச்சு. ஒளிச்சேர்க்கை பத்தி படிச்சாலும் அதுதான், சமையல் குறிப்பு பார்த்தாலும் அதுதான். அம்மாவும் ஒரு மாதிரியா இருந்தாங்க. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பதினாலு வயதுப் பெண் இத்தனை நாள் இதைத் தனியாக மனதுக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவுப் பையனிடம் கேட்டேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "குக்கீஸ் சார்" என்றான்.

குக்கி என்ற பெயர் தெரியும். தினம் பத்து தடவை ஏதாவது தளத்தில் "சம்மதம்" பட்டனை அமுக்கிக்கொண்டுதானே இருக்கிறோம். ஆனால் அது என்ன, யார் செய்தது, ஏன் செய்தது என்று யோசித்ததே இல்லை. நான் பி.காம்., கம்ப்யூட்டர் சமாசாரம் படித்தவன் இல்லை. இருந்தாலும் அடுத்த சில வாரங்கள் தேடித் தேடிப் படித்ததில், இது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருள்தான் என்று புரிந்தது.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பாவோடு பேங்குக்குப் போனால் பணம் எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். கவுண்டரில் செக்கைக் கொடுத்தால், உள்ளே இருப்பவர் அதன் பின்னால் ஒரு எண்ணை எழுதிக்கொண்டு, அதே எண் பொறித்த பித்தளை டோக்கன் ஒன்றைக் கொடுப்பார். செக் உள்ளே லெட்ஜருக்குப் போகும், அங்கிருந்து கையெழுத்தைச் சரிபார்க்கும் அதிகாரியிடம் போகும், கடைசியில் கேஷியர் கூண்டுக்கு வரும். அதுவரை அப்பா பெஞ்சில் இருப்பார். டோக்கனை என் கையில் கொடுத்துவிடுவார். கேஷியர் எண்ணைக் கூப்பிட்டதும் நான்தான் ஓடிப்போய் நீட்டுவேன்.

அந்த டோக்கனில் அப்பாவின் பெயர் இருக்காது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதும் இருக்காது. வெறும் எண். விவரம் எல்லாம் உள்ளே லெட்ஜரில். டோக்கனை வைத்திருப்பவர் யார் என்பது அதைக் கொடுத்த பேங்குக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து பேங்கில் நீட்டினால் அது வெறும் பித்தளைத் துண்டு.

குக்கி என்பது இந்த டோக்கன்தான். அது உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம் இல்லை, வைரஸும் இல்லை. ஒரு தளம் உங்கள் உலாவியிடம் கொடுத்து வைக்கும் ஒரு சின்ன எழுத்துத் துண்டு. அடுத்த முறை நீங்கள் அந்தத் தளத்தைக் கேட்கும்போது உலாவி அந்தத் துண்டையும் சேர்த்து நீட்டுகிறது. அவ்வளவுதான்.

இதற்கு ஏன் அவசியம் வந்தது? இணையத்துக்குப் பிறவியிலேயே ஞாபக சக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டால் சர்வர் கொடுக்கும், கொடுத்ததும் உங்களை மறந்துவிடும். அடுத்த பக்கம் கேட்கும்போது நீங்கள் அதற்குப் புது ஆள். கட்டுரை படிக்க இது போதும். கடை நடத்த முடியாது. ஒரு புத்தகத்தைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கம் போனால், கூடை யாருடையது என்றே கடைக்காரருக்குத் தெரியாது.

1994-ல் கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் நெட்ஸ்கேப் என்ற புதுக் கம்பெனி. (சைபர் கஃபேயில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து அதன் உலாவியைப் பயன்படுத்தியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள்.) எம்.சி.ஐ. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்துக்கு ஒரு இணையக் கடை வேண்டியிருந்தது. ஆனால் பாதியில் நிற்கும் வியாபாரத்தின் விவரங்களைத் தங்கள் சர்வரில் சுமக்க அவர்களுக்கு விருப்பமில்லை. இந்தப் பிரச்சினை லூ மொண்டுல்லி என்ற இளைஞரிடம் வந்தது. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோதே லிங்க்ஸ் என்ற உலாவியை எழுதியவர்களில் ஒருவர்.

சுலபமான வழி ஒன்று கண்முன்னே இருந்தது. ஒவ்வொரு உலாவிக்கும் ஒரு நிரந்தர எண் கொடுத்துவிடுவது. எந்தத் தளத்துக்குப் போனாலும் அந்த எண்ணைச் சொல்லும். மொண்டுல்லி இதை யோசித்து, வேண்டாம் என்று ஒதுக்கினார். எல்லாத் தளங்களும் ஒரே எண்ணைப் பார்த்தால், எல்லோரும் கூடிப் பேசி ஒரு ஆள் எங்கெல்லாம் போகிறார் என்று கோர்த்துவிடலாம் என்பதுதான் காரணம். 2013-ல் அவரே இதை விளக்கி எழுதியிருக்கிறார். அதற்குப் பதிலாக அவர் வைத்த ஏற்பாடு: ஒவ்வொரு தளமும் தனித்தனி டோக்கன் கொடுக்கும், கொடுத்த தளத்தைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்க முடியாது. யூனிக்ஸ் உலகில் புரோகிராம்கள் இப்படிக் கைமாற்றிக்கொள்ளும் துண்டுக்கு "மேஜிக் குக்கி" என்று ஏற்கெனவே பெயர் இருந்தது. அதில் பாதியை எடுத்துக்கொண்டார். திங்கிற பிஸ்கட்டுக்கும் இதற்கும் வேறு சம்பந்தம் இல்லை.

நெட்ஸ்கேப்பில் அவரோடு வேலை செய்த ஜான் ஜியானாண்ட்ரியாவும் சேர்ந்து முதல் வரையறையை எழுதினார். ஒரு குக்கி 4 கிலோபைட்டுக்கு மேல் போகக்கூடாது, ஒரு தளத்துக்கு 20 குக்கி, மொத்தம் 300. 1994 அக்டோபர் 13 அன்று வெளியான நெட்ஸ்கேப்பின் முதல் சோதனைப் பதிப்பிலேயே குக்கி இருந்தது. அடுத்த வருஷம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் 2-ஆம் பதிப்பும் ஏற்றுக்கொண்டது. பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. உலாவி தானாகவே வாங்கி வைத்துக்கொண்டது, கேட்கவும் இல்லை. 1996 பிப்ரவரியில் லண்டனின் ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்திரிகை எழுதிய பிறகுதான் பொதுஜனத்துக்கு விஷயம் தெரிந்தது.

இவ்வளவு யோசித்துச் செய்தவர் எங்கே கோட்டை விட்டார்? இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாலு நாள் ஆனது. எங்கள் ஊர் சீதாபுல்டி பஜாரை வைத்துச் சொல்கிறேன்.

பஜாரில் ஒரு நகைக்கடை, ஒரு மருந்துக்கடை, ஒரு நோட்டுப் புத்தகக் கடை. ஒவ்வொரு கடையும் தன் டோக்கனை மட்டும்தான் பார்க்க முடியும். சரி. இப்போது ஒரு ஆள் வந்து மூன்று கடையிலும் வாசலோரம் ஒரு சதுர அடி இடத்தை வாடகைக்கு எடுக்கிறான். மருந்துக்கடையில் நீங்கள் நுழையும்போது அவன் தன் டோக்கன் ஒன்றை உங்கள் பையில் போடுகிறான். பிறகு நோட்டுக்கடைக்குப் போனால் அங்கேயும் அவனே நிற்கிறான். "என் டோக்கன் இருந்தால் காட்டுங்கள்" என்கிறான். உங்கள் பை தானாகவே காட்டிவிடுகிறது. மருந்துக்கடையில் பார்த்த அதே எண். நோட்டில் குறித்துக்கொள்கிறான். கவனியுங்கள், அவன் வேறு யாருடைய டோக்கனையும் பார்க்கவில்லை. தான் கொடுத்ததைத்தான் தான் பார்த்தான். மொண்டுல்லியின் விதி ஒரு எழுத்துகூட மீறப்படவில்லை.

இணையத்தில் அந்த சதுர அடி என்பது பக்கத்தில் வரும் விளம்பரப் படம். சில சமயம் கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி. நீங்கள் கேட்டது செய்தித்தளத்தின் பக்கம், ஆனால் படம் மட்டும் விளம்பர நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருகிறது, வரும்போது அதன் குக்கியையும் கொண்டுவருகிறது. இதற்கு மூன்றாம் தரப்புக் குக்கி என்று பெயர். நான் ஹிஸ்டரியை அழித்தேனே, அது வெறுமனே நான் போன இடங்களை நானே எழுதி வைத்த நோட்டு. அவன் போட்ட டோக்கன் பையிலேயே இருந்தது. காலையில் அதே பையைத் தூக்கிக்கொண்டுதான் என் மகள் ஒளிச்சேர்க்கை படிக்கப் போயிருக்கிறாள்.

இந்த ஓட்டை இருப்பது தெரியாமல் போகவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் அமைப்பில் பெல் லேப்ஸைச் சேர்ந்த டேவிட் கிறிஸ்டலும் மொண்டுல்லியும் சேர்ந்து ஒரு தர ஆவணம் எழுதினார்கள். 1997 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 2109 என்ற எண்ணில் வந்தது. மூன்றாம் தரப்புக் குக்கியை உலாவி ஏற்கக்கூடாது, அப்படி அனுமதிக்க வசதி வைத்தாலும் அது ஆரம்பத்தில் அணைத்தே இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. விளம்பர நிறுவனங்கள் எதிர்த்தன. நெட்ஸ்கேப்பும் சரி, மைக்ரோசாஃப்டும் சரி, அந்தப் பரிந்துரையைச் செயல்படுத்தவில்லை. தடுத்தால் விளம்பரக்காரர்கள் வேறு வழி கண்டுபிடிப்பார்கள், அது பயன்படுத்துகிறவர் பார்க்கவோ அழிக்கவோ முடியாத வழியாக இருக்கும், குக்கியையாவது அழிக்கலாம் என்பது மொண்டுல்லியின் வாதம். இலவசத் தளங்களுக்கு விளம்பரம்தான் சோறு என்பதும் அதில் உண்டு. வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அழிக்கலாம் என்று யார் நமக்குச் சொன்னார்கள்? வசதி இருப்பது வேறு, இருப்பது தெரிவது வேறு. நாங்கள் கவுண்டரில் தினம் பார்ப்பதுதான்.

அடுத்து நடந்தது இன்னும் பெரிது. டபுள்கிளிக் என்ற விளம்பர நிறுவனம் ஆயிரக்கணக்கான தளங்களின் வாசலோரத்தை வாடகைக்கு எடுத்திருந்தது. அதுவரை அதற்குத் தெரிந்தது எண் மட்டும், பெயர் தெரியாது. 1999-ல் அபாகஸ் டைரக்ட் என்ற கம்பெனியை வாங்கியது. அமெரிக்கக் குடும்பங்கள் தபால் வழியாக என்னென்ன பொருள் வாங்குகின்றன என்று பெயர், விலாசத்தோடு பதிவு வைத்திருந்த கம்பெனி அது. இரண்டையும் சேர்த்தால் எண்ணுக்குப் பெயர் கிடைத்துவிடும். லெட்ஜரே வெளி ஆள் கைக்குப் போன மாதிரி. பெரிய கூச்சல் எழுந்து, அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் விசாரணை தொடங்கி, 2000 மார்ச்சில் டபுள்கிளிக் தலைவரே அந்தத் திட்டம் தவறு என்று ஒப்புக்கொண்டு பின்வாங்கினார். அந்த டபுள்கிளிக்கை 3.1 பில்லியன் டாலர் கொடுத்து வாங்குவதாக கூகுள் அறிவித்தது 2007-ல், கைக்கு வந்தது 2008-ல். அந்தக் காலத்தில் கூகுள் கொடுத்த குக்கி காலாவதியாகும் தேதி 2038! சத்தம் வந்த பிறகு 2007-ல் இரண்டு வருஷமாகக் குறைத்தார்கள். இப்போது குரோமில் எந்தக் குக்கிக்கும் 400 நாள்தான் உச்ச வரம்பு.

எல்லோரும் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆப்பிளின் சஃபாரி ஆரம்ப நாள்களிலிருந்தே மூன்றாம் தரப்புக் குக்கிகளைப் பெருமளவு தடுத்தது. அந்தத் தடுப்பைச் சுற்றிக்கொண்டு போனதற்காக 2012-ல் கூகுள் 22.5 மில்லியன் டாலர் அபராதம் கட்டியது. 2020 மார்ச்சில் சஃபாரி முழுசாகவே கதவை மூடியது. ஃபயர்ஃபாக்ஸ் 2022-ல் வேறு வழி செய்தது. ஒவ்வொரு கடைக்கும் தனிப் பை. மூன்றாம் ஆள் மருந்துக்கடையில் போட்ட டோக்கன் மருந்துக்கடைப் பையிலேயே இருக்கும், நோட்டுக்கடையில் கேட்டால் வராது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஐரோப்பாவில் 2009-ல் திருத்திய விதிப்படி, அவசியமில்லாத குக்கிக்கு முதலில் சம்மதம் வாங்க வேண்டும். நம்மை எரிச்சல்படுத்தும் அந்தச் சம்மதப் பலகைகள் அங்கிருந்து வந்தவைதான். முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் சம்மதம் ஆகாது என்று 2019-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. "ஏற்கிறேன்" ஒரே சொடுக்கில், "மறுக்கிறேன்" நாலு பக்கம் தள்ளி என்று வைத்ததற்காக பிரான்ஸ் நாட்டின் தகவல் பாதுகாப்பு அமைப்பு கூகுளுக்கு 150 மில்லியன் யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்தது 2022 ஜனவரியில் வெளியானது.

குரோம் கதை தனி. மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டு வருஷத்தில் நிறுத்திவிடுவோம் என்று 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. 2021-ல் தள்ளினார்கள், 2022-ல் தள்ளினார்கள், 2024-ல் மீண்டும் தள்ளினார்கள். அதே வருஷம் ஜூலையில், நிறுத்தவில்லை, உங்களையே கேட்கிறோம் என்றார்கள். 2025 ஏப்ரலில் அப்படித் தனியாகக் கேட்கப் போவதும் இல்லை என்றார்கள். எங்கள் பேங்கில் இத்தனை தடவை தவணை தள்ளினால் அந்தக் கடனுக்கு வேறு பெயர். எங்கள் லேப்டாப்பில் இருப்பதும் குரோம்தான்.

நம் நாட்டில் 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மதம் என்றால் நிர்ப்பந்தமில்லாமல், எதற்கென்று தெரிந்து, தெளிவாகக் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் பின்தொடர்வதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்றும் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். எங்கள் வீட்டில் நடந்தது இதில் எந்தப் பிரிவில் வரும் என்று யோசித்துப் பார்த்தேன். விளம்பரம் குறிவைத்தது குழந்தையை இல்லை, அவள் அம்மாவை. ஒரு லேப்டாப்புக்கு நாலு பேர் இருக்கும் நம் வீடுகளை அந்த டோக்கன்காரனுக்கு அடையாளம் தெரியாது. அவனுக்கு ஒரு பை என்றால் ஒரு ஆள்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். முதல் வேலையாக உலாவியில் ஆளுக்கொரு புரொஃபைல் உண்டாக்கினோம். குக்கிகள் அந்தந்த புரொஃபைலோடு நிற்கும், அம்மா தேடியது மகள் பக்கத்தில் இந்த வழியாக வராது. பிறகு குரோம் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுக்கச் சொன்னோம். ஒன்றிரண்டு தளங்கள் முரண்டு பிடிக்கலாம், அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம். எல்லாக் குக்கியையும் தடுக்கப் போகாதீர்கள். நெட் பேங்கிங் உங்களை உள்ளே விட்ட அடுத்த நொடியே மறந்துவிடும்.

வியாதி, கடன் மாதிரி விஷயம் தேடினால் தனி ஜன்னல், அதாவது இன்காக்னிட்டோ. அதில் விழும் குக்கிகள் ஜன்னலை மூடியதும் போய்விடும். ஆனால் இணைய இணைப்பு கொடுப்பவருக்கோ நீங்கள் போகும் தளத்துக்கோ இது மறைக்காது. கூகுள் கணக்கில் நுழைந்துகொண்டு தேடினால் அங்கே பதிவாவதும் வேறு கணக்கு, அதைக் கணக்கு செட்டிங்ஸில் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

பேங்க்காரனாக ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வேலை முடிந்ததும் ஜன்னலை மூடிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். டோக்கனைப் பையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போவது மாதிரி அது. லாக் அவுட் அமுக்குவதுதான் டோக்கனைக் கவுண்டரில் திருப்பிக் கொடுப்பது. உள்ளே அந்த எண்ணை அடித்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் கேஷியர் கூண்டில் தொலைந்த டோக்கன் எண்கள் எழுதி ஒட்டியிருக்கும், எடுத்தவன் நீட்டி ஏமாற்றக்கூடாது என்று. 2010-ல் ஃபயர்ஷீப் என்று ஒரு சின்ன மென்பொருள் வந்தது. பூட்டில்லாத வைஃபையில் பக்கத்தில் இருப்பவரின் குக்கியை அப்படியே எடுத்து, பாஸ்வேர்டே இல்லாமல் அவராகவே உள்ளே நுழையலாம் என்று எல்லோர் கண்முன்னும் காட்டியது. பெரிய தளங்கள் முழுசாகப் பூட்டுப் போட்ட இணைப்புக்கு மாற அதுவும் ஒரு காரணம்.

கடைசியாகப் பழைய குக்கிகளை எல்லாம் அழிக்க, அந்தப் பட்டியலைத் திறந்தோம். கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. "இவங்கள்ளாம் யாருப்பா?" என்று கேட்டாள் மகள். பாதிக்கு மேல் எனக்கும் தெரியாத பெயர்கள். நாங்கள் ஒரு நாளும் போகாத தளங்கள். அவளே அழித்தாள்.

மறுநாள் ஆபீசுக்கு மனைவியிடமிருந்து போன். "என்னங்க, எல்லாத்துலயும் திரும்ப பாஸ்வேர்டு கேக்குது. ரயில்வே பாஸ்வேர்டு எங்க எழுதி வெச்சீங்க?"

காலண்டருக்குப் பின்னால் என்றேன். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை, நல்லவேளை.